பொம்மை மோட்டாரும் ரைட் சகோதரர்களின் விமானமும்

(புதுக்கடைப் பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் கண்காட்சிக்காலம் வந்துவிட்டது. கடைகளில் எரிமலை, மழைநீர் சேகரிப்பு, காற்றாலை, விமானம் என்று எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தால் பெயரட்டையோடு பெட்டியில் வரும். பெற்றோரையும் குறைசொல்ல முடியாது. பரிசு அவற்றுக்குத்தானே போகிறது? நடுவர்களாக அமர்பவர்கள் நாம். ஆகவே இன்று நான் பேசப்போவது, சிறு மோட்டார் பொருத்திய ஒரு விமான மாதிரியைப் பற்றி. அது பறக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியின் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் ஓட்டிய விமானம். அன்றைய முதல் பறத்தல் 12 விநாடி, தூரம் 36.5 மீட்டர். நம் பள்ளி மைதானத்துக்குள் முடிந்துவிடும் தூரம் என்பதால் அது பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவன் ஓடிப் பார்த்து, "டீச்சர், நான் இதைவிட வேகம்" என்றான். அதுவும் உண்மைதான்.

முதலில் கணக்கு. இறக்கையின் நீளம் 12.3 மீட்டர். நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் ஏறத்தாழ 31 செ.மீ. விசிறியின் விட்டம் 2.6 மீட்டர், அது 6.5 செ.மீ. ஆகிறது. இதுவரை விகிதம் பிள்ளைகளுக்குச் சிக்கலில்லை. "எடை எவ்வளவு?" என்று கேட்டேன். ஆள் இல்லாமல் அந்த விமானம் 274 கிலோ. எல்லோரும் நாற்பதால் வகுத்து, கிட்டத்தட்ட ஏழு கிலோ என்றார்கள். 31 செ.மீ. பொம்மை ஏழு கிலோவா என்று அவர்களே சிரித்தார்கள். நீளம் நாற்பதில் ஒன்றானால் பரப்பு 1,600இல் ஒன்று, கனஅளவு 64,000இல் ஒன்று. 274 கிலோவை 64,000ஆல் வகுத்தால் 4.3 கிராம். கனஅளவு பாடத்தை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பலகையில் அந்த 4.3 வந்து நின்றபோது விழுந்த அமைதியை வேறு எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

ஏனென்றால் மேசையில் மோட்டார் இருந்தது. உடைந்த பொம்மைக் கார்களில் கிடைக்கும் சாதாரண 3 வோல்ட் மோட்டார் ஒன்று சுமார் 17 கிராம். இரண்டு வேண்டும், 34 கிராம். ஏ.ஏ. அளவு ஆல்கலைன் செல் ஒவ்வொன்றும் சுமார் 23 கிராம். விமானமே நாலேகால் கிராம் இருக்கவேண்டிய இடத்தில் இத்தனை சுமை! இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாதிரி, விகிதப்படியான எடையில் இருந்தால்தான் பறக்கும் என்று விதியில்லை. கனம் கூடினால் அதிக வேகத்தில் போகவேண்டும். அந்த வேகத்தைத் தரும் தள்ளுவிசை வேண்டும். எங்கள் மோட்டார்களிடம் அது இல்லை. ஆகவே நூலில் கட்டித் தொங்கவிட்டு, வட்டமாகச் சுற்றவைக்க முடிவுசெய்தோம். செல்களை விமானத்தில் வைக்காமல் கீழே வைத்துக்கொண்டோம். பழைய மோட்டார்ச் சுருளிலிருந்து எடுத்த மெல்லிய தாமிரக் கம்பிகள் நூலோடு சேர்ந்து மேலே போயின. (மின்விசிறி மாட்டாத கொக்கியில் கட்டுங்கள். இருபது சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திக் கம்பியின் முறுக்கை அவிழ்க்கவேண்டும், இல்லையென்றால் அறுந்துவிடும்.)

சட்டத்துக்கு நம் ஊர்ப் பொருளே போதும். தென்னை ஈர்க்கில், மேலே மெல்லிய வண்ணத்தாள், முட்டுகளுக்கு வடிவாகச் சீவிய ஈர்க்கில் துண்டுகள். ஈர்க்கில் காய்ந்தபின் ஒட்டவேண்டும். பச்சையாக ஒட்டினால் இரண்டு நாளில் இறக்கை வளைந்துவிடும். மோட்டார் இல்லாமல் 22 கிராம் வந்தது.

இனித்தான் சுவையான பகுதி. ரைட் சகோதரர்களின் விமானத்தில் என்ஜின் ஒன்று, விசிறிகள் இரண்டு. இரண்டும் இறக்கைக்குப் பின்னால் இருந்து தள்ளின. இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் விமானம் ஒரு பக்கமாக முறுக்கிச் சாயும். அதைத் தவிர்க்க, சைக்கிள் சங்கிலி போன்ற இரண்டு சங்கிலிகளில் ஒன்றைக் குறுக்காக மாற்றிப் போட்டு, ஒரு விசிறியை எதிர்த்திசையில் சுழலவைத்தார்கள். அந்த 12 குதிரைத்திறன் என்ஜினைச் செய்தவரும் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலைபார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்தான்.

இதைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நமக்குச் சங்கிலி வேண்டாம் டீச்சர், ஒரு மோட்டாரில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும்" என்றாள். சரியான யோசனை. இரண்டு மோட்டார்களையும் பக்க இணைப்பில் கொடுத்தோம். தொடரிணைப்பில் கொடுத்தால் மின்னழுத்தம் இரண்டுக்கும் பங்குபோய் இரண்டுமே சோம்பிவிடும். சுவிட்சைப் போட்டதும் இரண்டு விசிறிகளும் எதிரெதிராக அழகாகச் சுழன்றன. விமானமோ முன்னே போகாமல், நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுற்றியது!

நான் விடை சொல்லவில்லை. இரண்டு நாள் அப்படியே தொங்கியது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு மாணவன்தான் கண்டுபிடித்தான். வகுப்பில் அதிகம் வாய்திறக்காதவன். அவன் வீட்டில் மீன்பிடித் தொழில். "ரிவர்ஸ் போட்டால் விசிறி மறுபக்கம் சுற்றும், வள்ளம் பின்னால்தானே போகும் டீச்சர்? இங்கே ஒன்று முன்னால் தள்ளுது, மற்றது பின்னால் தள்ளுது" என்றான். அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டேன். கையை முன்னால் நீட்டித் திருப்பிக் காட்டினான்: "இதோட முறுக்கை மாற்றி வெட்டணும். இடக்கை வலக்கை மாதிரி."

பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலின் பக்கச் சுவரிலிருந்து விசிறி வெட்டினோம். ஒன்றை வலமாக முறுக்கினால் மற்றதை இடமாக முறுக்கவேண்டும். நடுப்பகுதியில் முறுக்கு அதிகம், நுனியில் குறைவு. நுனி அதிக வேகத்தில் காற்றை வெட்டுவதே காரணம். விசிறி என்பது சுழலும் இறக்கைதான் என்று ரைட் சகோதரர்கள் கண்டுகொண்டது அவர்களுடைய பெரிய சாதனைகளுள் ஒன்று. எங்கள் பிள்ளைகள் ஒன்பது விசிறிகளை வீணாக்கி அதைத் தெரிந்துகொண்டார்கள். பத்தாவது விசிறியில் விமானம் வட்டமடித்தது.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. 2.6 மீட்டர் விசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 முறைதான் சுற்றியது. நம் பொம்மை மோட்டார் ஆயிரக்கணக்கில் சுற்றும். கண்ணாடி அணிந்து, தலைமுடியைக் கட்டிக்கொண்டுதான் அருகில் போகவேண்டும். மண்டைக்காடு கொடை முடிந்த வாரம் உடைந்த பொம்மை ஹெலிகாப்டர்களைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அவற்றிலுள்ள மோட்டார் மூன்று கிராம் அளவுதான். உண்மையாகவே பறக்கும் மாதிரி செய்ய அதுவே ஏற்றது. ஆனால் அதோடு வரும் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் தொடவிடாதீர்கள். ஆளில்லாத நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். ஆறாம் வகுப்புக்கு ஏ.ஏ. செல்லே போதும்.

மோட்டாரே வேண்டாம் என்பவர்களுக்கு ரப்பர் இருக்கிறது. ரப்பர் பால் வெட்டும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியுமா? 1871இல் பாரிஸ் பூங்கா ஒன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரால் விசிறியைச் சுழற்றி, ஒரு சிறு விமானத்தை 11 விநாடி, 40 மீட்டர் பறக்கவிட்டார். 1903இன் அந்த முதல் பறத்தலைவிடச் சற்றே அதிகத் தூரம்! அவர் வடிவமைத்த வகையைச் சேர்ந்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் அப்பா வாங்கிவந்தார். நம் மாநிலத்துக் கதையும் உண்டு. 1910இல் சென்னையில் டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர், சிம்சன் நிறுவனத்தில் கட்டப்பட்ட விமானத்தில் பறந்து காட்டினார். அடுத்து அதைச் செய்யலாம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் மாதிரி ஒரு கண்காட்சிக்குப் போயிற்று. நடுவர் ஒருவர், "பறக்குமா?" என்று கேட்டார். "பறக்காது சார்" என்றான் தேங்காய்ப்பட்டணத்துப் பையன். அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஏன் பறக்காது என்று கேட்டிருந்தால் 64,000 வரை சொல்லியிருப்பான். பரிசு பெற்ற விமானம் பளபளப்பாக இருந்தது. அதன் விசிறி எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்று அதைக் கொண்டுவந்த மாணவிக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் அறிவுக்குக் குறையொன்றும் இல்லை. யாரும் அவளைச் செய்யவிடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குமே அன்று நட்டம்.

2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் செய்துபார்க்கும் நேரத்தைக் கொடுத்திருக்கிறது. மதிப்பெண் தாளில் என்ன கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது. இவ்வாண்டு எங்கள் பள்ளி அளவிலான கண்காட்சியில் நடுவர்களுக்கு இரண்டு கேள்விகளைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்: முதலில் எது வேலைசெய்யவில்லை? அதற்கு என்ன செய்தாய்? பாதி மதிப்பெண் இவற்றுக்குத்தான். ஒன்றிய அளவிலும் இதை வைக்கலாமா என்று தேநீருக்குப் பின் முடிவுசெய்வோம்.

அதற்குமுன், அந்த மூலையில் பத்து மோட்டார்களும் கத்தரிக்கோல்களும் காலிப் பாட்டில்களும் இருக்கின்றன. இருவர் இருவராக வாருங்கள். ஒருவர் வலமுறுக்கு வெட்டுங்கள், மற்றவர் இடமுறுக்கு.