நானூற்று எண்பது நாள்

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் விடியற்காலையில் போனால், முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்களில் பிள்ளைகள் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை. சிலருடைய அட்டையில், அது எந்தத் தேதியோடு முடிகிறது என்றும் அச்சடித்திருக்கும். "அதுக்கப்புறம்?" என்று கேட்டால், "தெரியலைங்க" என்பார்கள்.

இப்படிப்பட்டவர்களை நினைத்தே தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 1982 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 50 பேருக்குக் குறையாத தொழில் நிறுவனத்தில், 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கியாக வேண்டும். நிறுவனம் மனம் இரங்கித் தரும் சலுகை அல்ல, சட்டக் கடமை.

'தொடர்ந்து' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காய்ச்சலில் படுத்ததாலோ, அனுமதி வாங்கி விடுப்பு எடுத்ததாலோ, விபத்தில் அடிபட்டதாலோ அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடாது. நிர்வாகம் தொழிலாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் இந்தச் சட்டத்தின்கீழ் உள்ள ஆய்வாளரிடம் முறையிடலாம்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நாள் கணக்கு நெருங்கும்போது 'பிரேக்' என்று சொல்லி ஆளை வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம். சட்டத்தின் வாசலில் நிற்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம்.

எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும்; அதனால் வேலைக்குச் சேர்ந்த கடிதத்தையும் மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், பிள்ளைகளே. இன்றே போனில் படம் பிடித்து, ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.