வீடும் வெயிலும்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீட்டில் எரிபொருளையும் மின்சாரத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்துதல் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். சிக்கனம் என்றவுடன் வாலிபர் சிலர் முகஞ் சுளிப்பதை இங்கிருந்தே காண்கிறேன். ஆயினும் 2022ஆம் ஆண்டை அதற்குள் மறந்துவிடலாமா? அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. சமையல் வாயுச் சிலிண்டருக்காகத் தாய்மார் வீதியில் வரிசையாக நின்றனர். பணமுள்ளவரும் நின்றார், இல்லாதவரும் நின்றார். வெயிலுக்கு மட்டும் நம் முற்றத்தில் ஒரு நாளும் தட்டுப்பாடு வரவில்லை.

இந்நாட்டின் ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950இல் இலக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் தேவை பெருகிற்று. எண்ணெயும் நிலக்கரியும் கடல் கடந்து வரலாயின. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கையில், எழும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீணாகிவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்கைக் கம்பி வழியே வீட்டிற்குக் கொணர்ந்து, அதை மறுபடியும் வெப்பமாக்கிக் குளிக்கும் நீரைச் சுடவைக்கிறோம். ஆட்டுரலை விட்டுப் பொன்னுரலில் உளுந்து அரைப்பவரை உலகம் என்ன சொல்லும்?

கணக்கைப் பாருங்கள். 100 லீற்றர் நீரின் வெப்பத்தை 30 பாகை உயர்த்துவதற்கு ஏறத்தாழ மூன்றரை அலகு மின்சாரம் வேண்டும். அதே மூன்றரை அலகில், 9 வாற் மின்குமிழ் ஒன்றை நாள்தோறும் ஐந்து மணி நேரமாக இரண்டரை மாதம் எரிக்கலாம். மின்சாரம் வெளிச்சத்துக்கும், விசிறிக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் உரியது. வெறும் சூட்டிற்கு வெயில் போதும்.

நம் ஆச்சிமார் இதை அறியாதவரல்லர். குழந்தையைக் குளிப்பாட்ட முற்றத்து வெயிலில் அண்டாவில் நீர் வைத்தனர். ஒடியலும் வடகமும் மிளகாயும் பாயில் பரப்பி உலர்த்தினர். ஆனால் வெயில் சாய்ந்ததும் அண்டா நீர் ஆறிவிடும். அங்கேதான் விஞ்ஞானம் துணைக்கு வருகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பழைய இரும்புப் பீப்பாவிற்குக் கறுப்பு மை பூசி, நீர் நிரப்பிக் கூரைமேல் ஏற்றினேன். மாலையில் நீர் நன்றாகச் சுட்டது, வீட்டார் மெச்சினர். விடியற்காலையில் தகப்பனார் குளிக்கப் போனார். நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். வெப்பத்தைச் சேர்க்கக் கற்றேனேயன்றிக் காக்கக் கற்கவில்லை.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. 1891இல் பால்ற்றிமோர் நகரத்துக் கிளாரென்ஸ் கெம்ப் என்பவர் கறுத்த தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்துச் சூரிய நீர்சூடாக்கிக்கு உரிமம் பெற்றார். இரவில் அந்நீர் ஆறிவிட்டது. 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் சூடேற்றும் பாகத்தையும் சேமிக்கும் தொட்டியையும் வெவ்வேறாக்கி, தொட்டியை உயரத்தில் வைத்து, வெப்பம் வெளியேறாதபடி சுற்றிப் பொதிந்தார். சூடேறிய நீர் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும், பம்பி வேண்டியதில்லை. மறுநாட் காலையிலும் நீர் சூடாயிருந்தது. இன்றும் கூரைகளில் காணும் நீர்சூடாக்கிகளிற் பல இம்முறையிலேயே இயங்குகின்றன. இஸ்ரேல் நாடு 1980இல் புதிய வீடுகளுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியது.

நம் நாட்டின் வெயிலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து அலகு வெப்பம் விழுகிறது. அதிற் பாதியைப் பிடித்தாலும், இரண்டு சதுர மீற்றர்த் தட்டு மேற்சொன்ன 100 லீற்றருக்குப் போதியது. சுடுநீர் மலைநாட்டாருக்கல்லவா வேண்டும் என்பீர்கள். கேத்தலில் 28 பாகை நீரை ஊற்றுவதற்குப் பதிலாக, சுத்தமான மூடிய பாத்திரத்தில் வெயிலில் வைத்து 58 பாகையான நீரை ஊற்றுங்கள். கொதிக்கவைக்கும் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சும்.

ஆனால் முதலில் காத்தல்; பிறகே சேர்த்தல். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு இறைத்தென்ன? பானையை மூடிச் சமையுங்கள். பயறை ஊறவைத்து, பத்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் இறக்கி, உமியோ வைக்கோலோ அடைத்த பெட்டிக்குள் மூடிவையுங்கள், அடுப்பில்லாமலே அவியும். குளிர்சாதனப் பெட்டியின் கதவிடையே ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் கதவு ஓரத்து றப்பர் பழுதாகிவிட்டது. உடைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக அழுத்தாமல், ஒரே தடவையிற் சேர்த்து அழுத்துங்கள். தகரக் கூரைக்கு வெள்ளை பூசினால் விசிறியின் வேலை குறையும்.

இதிலே பணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்றுண்டு. திறந்த மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி பானையைச் சேர்வதில்லை. புகையோ தாயின் நெஞ்சைச் சேர்கிறது. இரண்டு பாத்திரம் வைக்கும் களிமண் அடுப்பு விறகைக் குறைக்கும். புகைபோக்கியும் காற்றோட்டமும் மூச்சைக் காக்கும். குசினிச் சுவரிற் படிந்த கரி எங்கள் அம்மாவின் நெஞ்சிலும் படிந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தது, அவர் இருமத் தொடங்கிய பின்னரே. அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம்.

வாலிப நண்பர்களே! உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். இருவர் இருவராகப் பிரிந்து அயலில் உள்ள வீடுகளுக்குச் செல்லுங்கள். மின்பட்டியலைப் பார்த்து, எங்கே விரயமாகிறது என்று வீட்டாருடன் இருந்து கணக்கிடுங்கள். ஆண்துணை இல்லாத முதியவர் வீட்டில் புகைபோக்கி ஒன்றை நீங்களே கட்டிக் கொடுங்கள். பெரியோர்களே! கூரைமேல் ஏறும் பிள்ளையைத் தடுக்காதீர்கள், ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கொரு முறை தைப்பொங்கலன்று சூரியனுக்கு நன்றி கூறுகிறோம். மற்றை நாட்களில் அவன் தரும் வெயிலை வீணாக்காதிருத்தலும் அந்நன்றியில் அடங்கும் என்று கூறி அமர்கிறேன்.