ஒரு விநாடியும் பதினோரு ஆர்டர்களும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஆன்லைன் கடைக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கிற வேலை பத்தி பத்து நிமிஷம் பேசுடா" என்று நம் சங்கச் செயலாளர் சொன்னார். பத்து நிமிஷத்தில் அந்த வேலையை முழுசாகச் சொல்ல முடியாது. அதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல முடியும். அதையே சொல்கிறேன்.

மூன்றாம் வருஷ டி.பி.எம்.எஸ். வகுப்பு ஞாபகம் இருக்கும். ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையில் ஆரம்பிப்பார் சார். பிறகு ஏ.சி.ஐ.டி. என்று நாலு எழுத்து. ஹேர்டர், ராய்ட்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1983-இல் வைத்த பெயர். கடைசி எழுத்து டியூரபிலிட்டி. "கமிட் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் கரண்ட் போனாலும் அந்தப் பதிவு போகக்கூடாது" என்றார் சார். இரண்டு மார்க் கேள்வி. நான் இரண்டு மார்க்கும் வாங்கினேன்.

2018-இல் சென்னையில், இணையத்தில் ஜவுளி விற்கும் ஒரு நிறுவனத்தில் டி.பி.ஏ.வாக இருந்தேன். பெயர் வேண்டாம். மை எஸ்.க்யூ.எல். 5.7 டேட்டாபேஸ். சிக்கனம் பார்த்து, சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

மற்ற துறை நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வாங்குவார், நோட்டில் எழுதுவார், அப்புறம்தான் "எழுதியாச்சுங்க" என்பார். டேட்டாபேஸும் அப்படித்தான். மாற்றத்தை முதலில் லாக் என்ற நோட்டில் எழுதி, அது டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே கமிட் என்று சொல்லும். பேரேட்டில் அப்புறம் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், விநாடிக்கு 120 சுற்றுதான். ஒவ்வொரு தடவை எழுதவும் அது சுற்றி வரக் காத்திருக்க வேண்டும். பல கமிட்டுகளைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதும் வசதி உண்டுதான். கூட்டம் அதிகமானால் அதுவும் திணறும்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ராத்திரி 12 மணிக்கு அதிரடி விற்பனை. ஒத்திகையில் சர்வர் திணறியது. அப்போதுதான் ஒரு செட்டிங்கில் கை வைத்தேன். அதன் மதிப்பு 1 என்றால், ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கில் எழுதும். 2 என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டு, விநாடிக்கு ஒரு முறை மொத்தமாக டிஸ்க்கில் இறக்கும். மொய் எழுதுகிறவர் நாலைந்து பேரை மனசில் வைத்துக்கொண்டே "எழுதியாச்சு" என்று சொல்வது மாதிரி. மின்சாரம் நின்றால் ஒரு விநாடிப் பதிவு போகலாம் என்று மேனுவலிலேயே இருக்கிறது. படித்திருந்தேன். ஒரு விநாடிதானே! மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சர்வர் பறந்தது, எல்லோரும் தட்டிக் கொடுத்தார்கள்.

12.19-க்கு எங்கள் ரேக்குக்கு மின்சாரம் நின்றது. யு.பி.எஸ்.ஸில் கோளாறு. ரெப்ளிகாவையும் அன்றைக்குப் பராமரிப்புக்கு நிறுத்தியிருந்தோம். அரை மணியில் எல்லாம் எழுந்து நின்றது. கவலைப்படும்படி ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அக்கவுண்ட்ஸில் கணக்குப் பார்த்தார்கள். பேமெண்ட் கேட்வே பட்டியலில் இருந்த பதினோரு பேர் எங்கள் டேபிளில் இல்லை. பணம் வந்திருக்கிறது, ஆர்டர் இல்லை. வாங்கியவர்களுக்கு ஆர்டர் நம்பரோடு எஸ்.எம்.எஸ்.ஸும் போயிருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று அதன் பின்னால் இருந்தது. அந்த 5.7-இல், அடுத்த வரிசை எண் என்ன என்பது மெமரியில்தான் இருக்கும். சர்வர் மறுபடி எழுந்ததும், டேபிளில் உள்ள பெரிய எண்ணோடு ஒன்று கூட்டி ஆரம்பிக்கும். காணாமல் போன பதினோரு எண்களையும் அது வேறு பதினோரு பேருக்குக் கொடுத்துவிட்டது.

மேனேஜர் கேட்டபோது "கரண்ட் போச்சு சார்" என்றேன். பொய் இல்லை. டேட்டா சென்டர்காரர்களிடம் நஷ்டஈடு கேட்டுக் கடிதம் தயாரானது. அதில் தொழில்நுட்ப விவரம் எழுதும் வேலை எனக்கே வந்தது. இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

வாடிக்கையாளர் கூடையில் என்ன வைத்திருந்தார் என்பதும் மெமரியோடு போய்விட்டதால், பதினோரு பேரையும் போனில் கூப்பிட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை. நானே கூப்பிட்டேன். நாலாவதாக எடுத்தவர் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவர். பெண்ணுக்குத் தலைதீபாவளி, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, பெண்ணுக்குச் சேலை. "தம்பி, நீங்க அனுப்பின நம்பரைப் போட்டுப் பார்த்தா வேற யாரோ சுடிதார் வாங்கினதா வருதே. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேனா?" என்றார். கோபமே இல்லை. தன் மேல்தான் தப்பு என்று இரண்டு நாளாக வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"இல்லீங்கய்யா, தப்பு என்னுது" என்றேன். அப்படி முதல்முதலாகச் சொன்னது அவரிடம்தான். போனை வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போய் செட்டிங் விஷயத்தைச் சொன்னேன். "தெரிஞ்சே பண்ணினியா?" என்றார். "தெரிஞ்சுதான் சார்." கடிதத்திலிருந்து நஷ்டஈட்டுப் பத்தியை எடுத்தார்கள். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை. அதில் வருத்தமும் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் இருந்தது.

செட்டிங் 1-க்குத் திரும்பியது. நாலு மாசமாகக் கேட்டும் கிடைக்காத எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒரே வாரத்தில் வந்தது, அது தனிக் கதை. கேட்வே பட்டியலையும் ஆர்டர் டேபிளையும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒப்பிடும் நிரல் ஒன்று எழுதினேன். வேட்டியும் சேலையும் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கேள்விக்கு இரண்டு மார்க் போட்ட சார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது திருத்தினால் எவ்வளவு போடுவார் என்று சாப்பாட்டுப் பந்தியில் கேட்டுக்கொள்கிறேன்.