ஓட்டமாவடிக் களப்பும் ஒதுக்கப்பட்டவர்களும்



ஓட்டமாவடிப் பாலத்தில் நின்று பேசுகிறேன். பக்கத்தில் தெரிகிறதே பழைய இரும்புப் பாலம், ஒரு காலத்தில் புகையிரதமும் பஸ்ஸும் அந்த ஒன்றில்தான் போய்வந்தன. ரயில் வருகிறது என்றால் இரண்டு கரையிலும் வாகனங்கள் காத்துக் கிடக்கும். இப்போது வீதிக்குத் தனிப் பாலம் வந்துவிட்டது.

கீழே இருப்பது வாழைச்சேனைக் களப்பு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதையே மட்டக்களப்பு வாவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. இதற்குத் தெற்கே, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது அந்த வாவி. இந்தக் களப்பு மாதுறு ஓயாவின் தண்ணீரை வாங்கிக் கடலில் விடுகிறது.

காலையில் இங்கே வந்து பாருங்கள். தோணிக்காரர் துடுப்புப் போடும் சத்தம் அக்கரைக்குக் கேட்கும். உடம்பும் மனமும் ஆறும் இடம் என்று இந்தக் கரைகளைத் தேடி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஆற்றுவதற்கென்று இந்த மண்ணுக்கு முன்பு யார் யாரைக் கொண்டுவந்தார்கள் என்ற கதையையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரையோரத்தில் நிற்கும் கண்டல் மரங்களிலிருந்து தொடங்குகிறேன். அவற்றில் தில்லை என்று ஒரு மரம் உண்டு. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். விறகு வெட்டுகிறவர்கள் தில்லையைக் கண்டால் விலகி நடப்பார்கள். அந்த நச்சு மரத்தின் புகையைத் தொழுநோய்க்கு மருந்தாகப் பிடித்தார்கள் என்று கண்டல் தாவரங்களைப் பற்றிய ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. யாரும் செய்து பார்க்காதீர்கள். விஷமென்று தெரிந்தே அந்தப் புகையை ஒரு மனிதன் பிடித்தான் என்றால், அந்த நோய்க்கு அவன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்?

நோயை விட ஊரின் பயம் பெரிதாக இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல், களனி ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென்று ஓர் இல்லம் எழுந்தது. ஆங்கிலேயர் 1901இல் சட்டமே கொண்டுவந்தார்கள். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் அடைத்து வைக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. கிழக்கில் அதற்குக் கிடைத்த இடம் மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவு. நாலு பக்கமும் தண்ணீர், மரநிழல், காற்று. இன்றைக்கு ஒரு சுற்றுலா விளம்பரத்தில் போடத்தக்க இடம்! அங்கே அழைத்துச் செல்லப்பட்டவருக்கோ தோணி வந்தால்தான் உலகம். பெற்ற தாய் வந்து பார்க்கவும் தோணி வேண்டும்.

அந்த நோயின் கிருமியை நோர்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். அது இலகுவில் தொற்றாது, பெரும்பாலானோர் உடம்புக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு என்பதும் பிறகு தெரியவந்தது. 1940களில் மருந்து வந்தது. இலங்கையில் 1983 முதல் கூட்டுமருந்துச் சிகிச்சை கொடுக்கிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகக் குடித்தால் போதும், நோய் போய்விடும். வீட்டில் இருந்துகொண்டே குணமாகலாம். அப்படியிருந்தும் மாந்தீவில் குணமான சிலர் தீவைவிட்டு வரவில்லை. வருவதென்றால் எங்கே வருவது? ஊரில் அவர்களுக்கு வீடு இருக்கவில்லை.

இனி ஓட்டமாவடிக்குத் திரும்புவோம். இந்தப் பாலத்திலிருந்து உட்பக்கமாகப் போனால் மஜ்மா நகர். வறண்ட, வெளிச்சமான நிலம். கொவிட் வந்தபோது, 2020 ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, அந்த நோயால் இறந்தவர்களைக் கட்டாயம் தகனம் செய்ய வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் இங்கே எடுபடவில்லை. பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை, பெற்றோர் சம்மதிக்காமலே எரித்தார்கள். கொழும்பு பொரளை மயானத்தின் கம்பிவேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அது, இறந்தவரை அடக்கம் செய்யப் போர்த்தும் கபன் துணியின் அடையாளம். எல்லா இனத்தவரும் வந்து கட்டினார்கள்.

2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. இடம்? முதலில் இரணைதீவைச் சொன்னார்கள். போருக்குப் பிறகு போராடித் தங்கள் தீவுக்குத் திரும்பிய கத்தோலிக்க மீனவ மக்கள் அங்கே எதிர்த்து நின்றார்கள். அதன்பிறகு ஓட்டமாவடி. 2021 மார்ச் 5இல் முதல் நல்லடக்கம் மஜ்மா நகரில் நடந்தது. அன்றிலிருந்து ஒரு வருடம், நாட்டின் எந்த மூலையில் கொவிட்டால் இறந்தவரை அடக்கம் செய்வதென்றாலும் இங்கேதான் கொண்டுவர வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் பயணம். கூடவர மிகச் சில உறவினருக்கே அனுமதி.

இப்போது மஜ்மா நகர் மையவாடியில் 3634 பேர் இருக்கிறார்கள். முஸ்லிம்கள் 2992, இந்துக்கள் 287, பௌத்தர்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. கபுறுகள் வரிசையாக, இலக்கத்தோடு இருக்கின்றன. தங்கள் மண்ணில் ஒரு பகுதியை இவர்களுக்கு விட்டவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். யாரென்றே தெரியாதவர்களின் ஜனாஸாவுக்கு இந்த ஊர் இளைஞர்கள் தோள் கொடுத்தார்கள். நாடு பயந்து தள்ளிய மனிதர்களை ஓட்டமாவடி தன் சொந்தக்காரர்போல் ஏற்றுக்கொண்டது. இந்தக் கரையில் நடந்த மிகப் பெரிய வைத்தியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். மூன்று வருடம் கழித்து, 2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

பொலன்னறுவைப் பக்கமிருந்து பாசிக்குடாவுக்குப் போகும் நீங்கள் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறீர்கள். ஒரு மணித்தியாலம் ஒதுக்கி மஜ்மா நகருக்கும் போய்வாருங்கள். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கே நில்லுங்கள்.

இன்னொன்று. தொழுநோய் இந்த நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. வருடந்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளரைக் கண்டறிகிறார்கள், மட்டக்களப்பு மாவட்டத்திலும்தான். பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். உங்கள் உடம்பிலோ பிள்ளையின் உடம்பிலோ நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். பக்கத்து அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். மருந்து இலவசம். வீட்டைவிட்டு யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை.