நடப்பது நம் கடமை, காற்று நம் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரித்தாகுக. அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

சில வாரங்களுக்கு முன் பஜ்ருத் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்கிறார் டாக்டர். காற்றெல்லாம் நஞ்சாகிவிட்டது, வெளியே போகாதீர்கள் என்கிறான் மகன். நான் யார் பேச்சைக் கேட்பது?" என்றார். இருவரும் உண்மையையே சொல்கிறார்கள் என்று மட்டும் கூறி அவரை அனுப்பிவிட்டோம். அந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. எனவே மருத்துவம் அறிந்தோரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இச்சபையில் சமர்ப்பிக்கிறோம்.

உடலுக்குள்ள உரிமை

பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை அண்ணலார் (ஸல்) அவர்கள் அழைத்து, உமது உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு, உமது கண்ணுக்கும் உரிமை உண்டு என்று உணர்த்தியதை நாம் அறிவோம். வணக்கத்திலேயே உடலின் உரிமையை மறக்கலாகாது என்றால், சோம்பலினால் அதனைப் பாழாக்குவதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் அளவு 90 அல்லது அதற்கு மேலாகவோ வெவ்வேறு நாட்களில் பதிவானால் அதனையே இரத்தக் கொதிப்பு என்கின்றனர். உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது என்றும், அவர்களில் பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியுள்ளது. வலியில்லை, காய்ச்சலில்லை. ஒருநாள் திடீரெனப் பக்கவாதமோ மாரடைப்போ வந்த பின்னரே குடும்பம் அறிகிறது. அத்தகைய ஜனாஸாக்களை நம் தோள்களில் நாமே சுமந்து சென்றிருக்கிறோம்.

உப்பு, உடற்பருமன், புகையிலை, கவலை ஆகியவை இதற்குக் காரணங்கள் என்பது பலரும் அறிந்ததே. நாம் இழுக்கும் மூச்சும் ஒரு காரணம் என்பதையே பலர் அறிந்திலர்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

வாகனப் புகை, ஆலைப் புகை, குப்பைப் புகை, அடுப்புப் புகை ஆகியவற்றில் மிக நுண்ணிய துகள்கள் உள்ளன. இவற்றை பி.எம். 2.5 என்று குறிப்பிடுகின்றனர். இவற்றின் குறுக்களவு 2.5 மைக்ரானுக்கு மிகாது. அதாவது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கே தடுத்துவிடுகிறது. இவையோ நுரையீரலின் அடி ஆழம் வரை சென்று அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. அதனால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இறுகுகின்றன. நீர் பாயும் ரப்பர் குழாயை விரலால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் கூடுவது போன்று, இறுகிய குழாய்களில் இரத்தத்தைச் செலுத்த இருதயம் அதிக விசையுடன் உழைக்க வேண்டியதாகிறது.

ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. நம் நாடு 2009இல் வகுத்த தர அளவோ 40 மைக்ரோகிராம்.

நடைப்பயிற்சி இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. இரத்தக் குழாய்களை நெகிழச் செய்கிறது, உடற்பருமனைக் குறைக்கிறது, இருதயத்தை வலுப்படுத்துகிறது. ஆயினும் ஓய்வில் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் வரை காற்றை இழுக்கும் நாம், விரைந்து நடக்கையில் அதைப்போல் பல மடங்கு இழுக்கிறோம். காற்று அசுத்தமானால் அசுத்தமும் பல மடங்கு உட்செல்கிறதே! பெரியவரின் மகன் அஞ்சியது இதைத்தான்.

தைவானில் கண்டது

இந்த ஐயத்தை ஆராய்ந்தவர்கள் உள்ளனர். தைவானில் இரத்தக் கொதிப்பு இல்லாத 1,40,000க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020 ஜூலையில், அமெரிக்க இருதயச் சங்கத்தின் 'சர்க்குலேஷன்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. காற்று மாசினைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று படிகளாகவும், உடற்பயிற்சியையும் அவ்வாறே மூன்று படிகளாகவும் அவர்கள் பிரித்தனர்.

மாசு அதிகமுள்ள இடத்திலும் பயிற்சி செய்தோருக்கு, செய்யாதோரை விட இரத்தக் கொதிப்பு குறைவாகவே வந்தது. ஆகவே காற்றைக் காரணம் காட்டி வீட்டில் முடங்குவது சரியன்று. இது முதற்செய்தி. இரண்டாவது செய்தி இதனினும் முக்கியமானது. உடற்பயிற்சி ஒரு படி உயர்ந்தபோது அபாயம் 6 சதவீதம் குறைந்தது. மாசு ஒரு படி உயர்ந்தபோதோ அபாயம் 38 சதவீதம் கூடியது. அதாவது, காற்று கெடுப்பதை நடை முழுவதுமாக ஈடு செய்யவில்லை. தைவானின் மாசு நடுத்தர அளவினதே. கடும் மாசு சூழ்ந்த ஊர்களுக்கு இக்கணக்கை அப்படியே பொருத்துவது சரியன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதனை நம் மார்க்கச் சொற்களில் ஓர் உவமையாகக் கூறலாம். பர்ளு ஐன் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமை. பிறர் செய்வதால் அது நீங்காது. பர்ளு கிபாயா சமுதாயத்தின் மீதுள்ள கடமை. எவருமே செய்யாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். நடப்பது முன்னதைப் போன்றது. காற்றைக் காப்பது பின்னதைப் போன்றது. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிட முடியாது.

ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் நடுத்தர வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தொழுகையே போதுமான உடற்பயிற்சி என்று சிலர் சொல்கின்றனர். தொழுகை வணக்கம், அதனை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் தொழுகைக்கு நடந்து வருவது நன்மையும் ஆகும், நடையும் ஆகும். மஸ்ஜிதுந் நபவியின் அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா கூட்டத்தாரை, அவர்களுடைய காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று கூறி அங்கேயே இருக்கச் செய்தார்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள். பள்ளிக்கு ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருப்பவர் ஐந்து வக்துக்கும் நடந்து வந்து சென்றால் நாளொன்றுக்கு 50 நிமிடங்கள் ஆகின்றன. அந்த ஐந்து நிமிடத் தொலைவுக்கே நம்மில் பலர் மோட்டார் சைக்கிளில் வருகிறோம்! தொழுகைக்கு நிதானமாக வருவதே சுன்னத்து. திரும்பிச் செல்கையில் சற்று விரைந்து நடங்கள்.

பேருந்து செல்லும் பெருஞ்சாலையைத் தவிர்த்து உட்தெருக்களில் நடப்பது நலம். பனிக்காலத்து அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையையும் தேக்கி வைத்துக்கொள்ளும். அத்தகைய நாட்களில் வெயில் ஏறிய பின்போ அஸருக்குப் பின்போ நடங்கள். பெண்கள் மொட்டை மாடியிலும் நடக்கலாம். நடக்கிறோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதனை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தத்தை இலவசமாகவே அளந்து சொல்கின்றனர். முப்பது வயது கடந்த எவரும் தம் அளவை அறியாமல் இருக்க வேண்டாம்.

வீட்டினுள்ளும் கவனம் தேவை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிகையில் வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, குழந்தையின் தலைமாட்டில் அதனை ஏற்றி வைக்கிறோம். கொசுவலை போதாதா?

ஜமாஅத் செய்ய வேண்டியது

பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டவர் அவ்வாடையுடன் பள்ளிக்கு வர வேண்டாம் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவை ஹலாலான உணவுகளே. பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்குத் தொல்லை என்பதற்காகவே அத்தடை. வெறும் வாடைக்கே இவ்வளவு பேணுதல் என்றால், நோய் தரும் புகையைப் பற்றி என்ன சொல்வது?

இவ்விடத்தில் நம் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். நம் பள்ளிவாசலின் பின்புறம், மையவாடிச் சுவரையொட்டி, உதிர்ந்த இலைகளையும் பாலித்தீன் பைகளையும் பல ஆண்டுகளாக எரித்து வருகிறோம். மாலையில் மூட்டும் அத்தீ மஃரிபுக்குப் பின்னும் புகைகிறது. அவ்வேளையில்தான் மக்தப் மதரஸாவில் பிள்ளைகள் ஓதுகிறார்கள். அவர்கள் இருமியபோது ஜன்னலைச் சாத்தினோமே தவிர, தீயை அணைக்கச் சொல்லவில்லை. அடுத்த தெருவில் வாழும் பிற சமயச் சகோதரர்களும் அப்புகையைச் சுவாசித்தே வந்துள்ளனர். அண்டை வீட்டாரின் உரிமை அங்கே மீறப்பட்டது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்து அபராதமும் விதித்தது. அபராதத்திற்கு அஞ்சுவதற்கு முன் மறுமைக் கேள்விக்கு அஞ்சுவோமாக.

எனவே நிர்வாகத்தினர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, மையவாடியில் கபர்கள் இல்லாத மூலையில் குழி வெட்டி இலைகளை எருவாக்க வேண்டும். பாலித்தீன் குப்பையை நகராட்சி வண்டியில் சேர்க்க வேண்டும். இரண்டு, வரும் ரமலானில் நோன்புக் கஞ்சியை விறகடுப்பில் காய்ச்சுவதை விடுத்து எரிவாயு அடுப்பில் காய்ச்ச வேண்டும். கஞ்சி காய்ச்சும் சகோதரர் முப்பது நாட்களும் நோன்பு வைத்துக்கொண்டு அப்புகையில்தான் நிற்கிறார். மூன்று, நம் மஹல்லாவின் திருமண ஊர்வலங்களில் வெடி வெடிப்பதை ஜமாஅத் தீர்மானத்தின் மூலம் நிறுத்த வேண்டும்.

நம்மிடம் கேட்ட பெரியவரும் இச்சபையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குரிய விடை இதுவே: நீங்கள் நடந்து வாருங்கள், வரும் வழியைப் புகையின்றி வைத்திருப்பது எங்கள் பொறுப்பு.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்றிருக்கிறோம். மூச்சின் பாதையில் கிடக்கும் இடையூறையும் அகற்றும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நம் நோயாளிகளுக்கு ஷிபாவையும், பிள்ளைகளுக்கு நீடித்த ஆரோக்கியத்தையும் நல்குவானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.