ஆங்கில வினைச்சொல்லில் காலப் பிழைகள்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் நின்று ஆங்கில இலக்கணம் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். வங்கிப் பணித் தேர்விலும், மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளிலும் ஆங்கிலத்திற்கெனத் தனிப் பகுதி உண்டு. ஒரு வாக்கியத்தைத் தந்து, பிழை எங்கே உள்ளது எனக் கேட்பது அங்கே வழக்கம். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளை, காது சொல்லும் வழியிலேயே விடையளித்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கோ பள்ளி மணி அடித்ததும் ஆங்கிலம் நின்றுவிடுகிறது. காதால் பெறாததைக் கருத்தால் பெற வேண்டியவர்களாக நாம் இருக்கின்றோம். அண்ணல் அம்பேத்கரின் தாய்மொழி மராத்தி. சாதி ஒழிப்பைப் பற்றிய தம் உரையை 1936-ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்டார். அம்மொழி நமக்கு எட்டாததன்று.

நம் மாணவர் செய்யும் காலப் பிழைகள் அறிவுக் குறைவால் வருவன அல்ல என்பதை முதற்கண் சொல்லிவிடுகின்றோம். அவற்றுட் பல, தமிழைப் பிழையின்றி அறிந்திருப்பதனால் வருவன. தமிழில் முறையாக எண்ணி, எண்ணியவாறே ஆங்கிலச் சொல்லை வைக்கும்போது இடறல் நேர்கிறது. எங்கே இடறுகிறோம் என்பதைத் தமிழை வைத்தே காட்ட இயலும்.

'வருகிறான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நாள்தோறும் வருகிறான்' என்றும் சொல்கின்றோம். 'அதோ வருகிறான்' என்றும் சொல்கின்றோம். இரண்டிற்கும் ஒரே சொல். ஆங்கிலமோ முன்னதற்கு 'ஹி கம்ஸ்' என்றும், பின்னதற்கு 'ஹி இஸ் கமிங்' என்றும் பிரித்து வைத்திருக்கிறது. நம் மாணவர் 'இங்' விகுதியின் மேல் தனி விருப்பம் கொண்டு, எல்லா இடத்திலும் அதையே இட்டுவிடுகின்றனர். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் டைப்பிங்' என்றெல்லாம் நேர்முகத் தேர்வுகளில் கேட்கிறது. உடன்பிறந்தார் இருத்தலும், ஒன்றை அறிந்திருத்தலும் செயல்கள் அல்ல, நிலைகள். நிலையைக் குறிக்கும் வினைக்கு ஆங்கிலத்தில் அவ்விகுதி பொதுவாக வாராது. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்', 'ஐ நோ டைப்பிங்' என்பனவே சரி. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் மை லஞ்ச்' என்பது பிழையன்று. உண்ணுதல் ஒரு செயல். 'ஹேவிங்' என்ற சொல்லே கூடாது என்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்களும் இருக்கின்றார்கள். அது வேறு வகைத் துன்பம்.

இதற்கு நேர்மாறான இடர் 'உம்' விகுதியில் இருக்கிறது. 'சூரியன் கிழக்கே உதிக்கும்', 'காலை ஐந்து மணிக்கு எழுவேன்' என்பன தமிழில் எதிர்கால வடிவங்கள், பொருளோ வழக்கம். அவ்வடிவத்தைப் பார்த்து, 'டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்' என்று எழுதுகின்றோம். என்றும் நிகழ்வதை ஆங்கிலம் நிகழ்காலத்தில் வைக்கிறது: 'ஐ கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே'. 'நீங்கள் வரும்போது' என்பதை 'வென் யூ வில் கம்' என்று பெயர்ப்பதும் இவ்வகையே. அங்கே 'வென் யூ கம்' என்றாலே எதிர்காலம் விளங்கிவிடும்.

இனி, ஆசிரியர் அறையில் நாம் நாள்தோறும் பேசிக்கொள்ளும் பிழை ஒன்று: 'ஐ டிட் நாட் வென்ட்'. 'போகவில்லை' என்ற சொல்லில் காலம் காட்டும் உறுப்பே இல்லை. 'நேற்றுப் போகவில்லை', 'இன்னும் போகவில்லை' என இரண்டிற்கும் அதுவே பொருந்தும். எனவே ஆங்கிலத்தில் எழுதும் மாணவன், இறந்தகாலம் விட்டுப்போகுமோ என்ற அச்சத்தால் அதனை இரண்டு முறை குறிக்கின்றான். 'டிட்' என்ற சொல் அச்சுமையை ஏற்றுக்கொண்ட பின், 'கோ' வெறுங்கையோடு நடக்கலாம். 'டிட் யூ கோ' என்ற வினாவிலும் அப்படியே. இந்த ஒன்றைக் கைவரப்பெற்றால் விடைத்தாளில் சிவப்பு மை பாதி குறைந்துவிடும்.

'ஹி கோ' என்று 'ஸ்' விட்டு எழுதுதலும், 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதை 'ஹி செட் தட் ஹி இஸ் கமிங்' என்று எழுதி, 'வாஸ்' வர வேண்டிய இடத்தை மறத்தலும் பயிற்சியால் தாமே நீங்குவன.

'நேற்றுத் தங்கள் இல்லத்திற்கு வந்திருந்தேன்' என்கிறோமே, அந்த 'வந்திருந்தேன்' பணிவும் நயமும் கலந்த சொல். அதை அப்படியே 'ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே' என்று எழுதினால், அதன்பின் வேறு எது நடந்தது என்று ஆங்கிலம் அறிந்தவர் காத்திருப்பார். இறந்தகால நிகழ்ச்சி இரண்டு இருந்து, அவற்றுள் முந்தியதைக் காட்டவே அவர்கள் 'ஹேட்' இடுகின்றார்கள். ஒன்றே நடந்திருந்தால் 'ஐ கேம் யெஸ்டர்டே' போதும். அதுபோலவே 'பி.ஏ. தேறியிருக்கிறேன்' என்பது 'ஐ ஹேவ் பாஸ்ட் பி.ஏ.' ஆகும், ஆண்டைச் சேர்த்துவிட்டால் 'ஐ பாஸ்ட் பி.ஏ. இன் 2019' என்று மாறிவிடும். முடிந்துபோன ஆண்டைச் சொன்ன இடத்தில் 'ஹேவ்' நிற்காது. வேலை விண்ணப்பங்களில் இப்பிழை மலிந்திருக்கிறது.

தேர்வுக்கு அப்பாலும் ஒரு செய்தி உண்டு. நம் குடியிருப்பு ஒன்றிலிருந்து இடுகாட்டிற்குச் செல்லும் பாதை, தனியார் நிலத்தின் வழியே போகிறது என்று கொள்வோம். ஒருநாள் அதில் வேலி விழுகிறது. ஆட்சியரிடம் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம். வழக்கு உயர்நீதிமன்றம் வரை செல்லுமாயின், ஆவணங்கள் ஆங்கிலத்தில் அமையும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, தனியார் நிலத்தின் வழியாக ஒரு பாதையை உரிமையோடும் வெளிப்படையாகவும் அமைதியாகவும் இடையறாது 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தால் வழியுரிமை உண்டாகும். அந்த 20 ஆண்டுக் காலம், வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிவதாக இருத்தல் வேண்டும். எனவே, பயன்படுத்தினோம் என்பது மட்டும் போதாது. அண்மைக்காலம் வரை பயன்படுத்தினோம் என்பதும் தெரிதல் வேண்டும். 'வி யூஸ்ட் திஸ் பாத் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்' என்று நம் இளைஞர் எழுதிக் கொடுத்தால், நாற்பது ஆண்டு பயன்படுத்திப் பின்னர் விட்டுவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு படிக்கலாம். 'வி ஆர் யூசிங்' என்று எழுதினால் இலக்கணமும் தவறும். நாற்பது ஆண்டும் நிகழ்காலமும் ஒட்டாமல் நிற்கும். 'வி ஹேவ் பீன் யூசிங் திஸ் பாத் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்' என்றால், அன்று தொடங்கியது இன்றும் தொடர்கிறது என்பது ஐயமின்றி விளங்கும்.

இதே பொருளை நம் தமிழ் எவ்வளவு எளிதாகச் சொல்கிறது பாருங்கள்: 'நாற்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம்'. அந்த 'வருகிறோம்' என்ற துணைவினை செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன்' செய்கிறது. நம் தாய்மார்கள் நாவில் நாள்தோறும் புழங்கும் இவ்வழக்கை அறிந்தவர்க்கு, 'ஹேவ் பீன்' புதிதாகக் கற்க வேண்டிய பாடமன்று. வழக்கறிஞர் திருத்திக்கொள்வார் என்று சொல்லலாம். அவரும் நாம் சொல்வதை வைத்தே எழுதுகின்றார்.

ஆதலின் இளைஞர்கள் ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, அன்றன்று நிகழ்ந்ததை ஐந்து வரியில் முதலில் தமிழிலும், எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதி வருமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடிட்டு, இது முடிந்ததா, நடக்கிறதா, வழக்கமா, அன்று தொடங்கி இன்றும் தொடர்வதா என்று ஒரு சொல் குறித்து வையுங்கள். ஞாயிறு மாலைகளில் அந்நோட்டுகளைச் சங்கக் கட்டடத்திற்குக் கொண்டுவந்தால், ஆசிரியர்களாகிய நாங்கள் உடனிருந்து திருத்தித் தருவோம்.