கோதுமை ஆகாத சரீரம்
(மிஷன் ஞாயிறு கூட்டத்தில் நமது மருத்துவர் ஆற்றிய உரை)



வட இந்தியாவில் நாங்கள் ஊழியம் செய்யும் பகுதியில் சப்பாத்திதான் அன்றாட ஆகாரம். ஆறு வருஷமாக வயிற்றுப்போக்கும் இரத்தசோகையுமாக அலைந்த ஒரு சகோதரி எங்களிடம் வந்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை பலன் தரவில்லை. டி.பி. மருந்தும் சாப்பிட்டாயிற்று. இரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்த சிறுகுடல் சதைப் பரிசோதனையும் காரணத்தைக் காட்டின: சீலியாக் நோய்.

கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனால், இவர்களுடைய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கும். சாப்பிட்டாலும் சத்து உடம்பில் சேராது. கோதுமையே காரணம் என்று ஹாலந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். 2016ல் வெளியான ஆய்வின்படி, வட இந்தியாவில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தென்னிந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கே.

ஒரு எச்சரிக்கை: சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். ஆயுள் முழுவதும் பத்தியமே சிகிச்சை. அரிசி, கம்பு, மக்காச்சோளம் சாப்பிடலாம்.

அந்தச் சகோதரி இன்று வயல் வேலைக்குப் போகிறார்கள். திருவிருந்தில் போதகர் அவர்களுக்காக அரிசி அப்பத்தைத் தனித்தட்டில் வைக்கிறார்.

வருஷக்கணக்காகக் காரணம் தெரியாமல் மெலிகிற ஏழைகள் இன்னும் வருகிறார்கள். பரிசோதனைச் செலவு அவர்களால் ஆகாது. உங்கள் காணிக்கை அங்கேதான் உதவுகிறது. ஜெபத்தினாலும் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.